வழிகாட்டுங் கருவியும் அதன் தாமதமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுக என்று செயலாளரவர்கள் எமக்கு ஓலை போக்கியபோது (கைப்பேசியில் வந்த செய்தியைத்தான் ஓலை என்கின்றோம்) இலக்கியப் பொருளொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்டதோ ஜி.பி.எஸ். என்று எல்லாரும் வழங்கும் வழிகாட்டுங் கருவியை. தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று பின்வரிசையிற் சிலர் முணுமுணுத்தல் எம் செவிக்கும் எட்டுகின்றது. வழி சொல்லுதல் தமிழர்க்குப் பழைய தொழில். பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், பெறாது வருவானை எதிர்ப்பட்டு, வள்ளலின் ஊரையும் அதற்குச் செல்லும் நெறியையும் எடுத்துரைப்பதாகப் பாடும் ஆற்றுப்படை என்னும் நூல்வகை நம்மிடத்து உண்டு. ஆதலின் எம் எல்லையைக் கடந்தோமல்லேம்.

மேலும் ஒரு காரணம் உண்டு. நாமக்கல் வட்டாரத்தில் வாழும் நம் மரபினருள் இளைஞர் பலர் லாரியும் வாடகைக் காரும் ஓட்டிப் பிழைக்கின்றனர். வீடுதோறும் உணவும் பொருளும் கொண்டு சேர்க்கும் வேலையிற் புகுந்தாரும் உளர். இவர்க்கெல்லாம் கையிலுள்ள இக்கருவி ஏர்க்கலப்பை போல்வது. அது பத்து நிமிடம் வாளா இருந்துவிடின் ஒரு சவாரி போயிற்று; சிலவேளை அதனினும் பெரியது போம். அத்தகைய நிகழ்ச்சியொன்றைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். நம்மவர் பலர், கைப்பேசி வானத்துத் துணைக்கோளை நோக்கி 'யான் எங்குளேன்?' என்று வினவுகின்றதென்றும், துணைக்கோள் விடை பகர்கின்றதென்றும், தாமதம் நேரின் 'லைன் கிடைக்கவில்லை' என்றும் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. துணைக்கோள் பேசுவதேயன்றிக் கேட்பதில்லை. கைப்பேசி கேட்பதேயன்றி அதனோடு பேசுவதில்லை. கோடிக்கணக்கானோர் ஒரே வேளையிற் கேட்பினும் அதற்கு நெரிசல் என்பதே இல்லை. கோயில் மணியோசையைக் கேட்க எத்துணைப் பேர் நின்றாலும் மணிக்குச் சுமை கூடாமை போல்வது இது.

கேட்பதனால் மட்டும் இடம் அறியப்படுவது எங்ஙனம் எனின், காட்டுவோம். பஞ்சாலைச் சங்கு சரியாகக் காலை ஆறு மணிக்கு ஊதுகின்றது என்று கொள்க. நும் கையிற் பிழையற்ற கடிகாரம் ஒன்று உளது. அதில் ஆறு மணி அடித்து மூன்று நொடி கழிந்தபின் சங்கொலி நும் செவியில் விழுகின்றது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லுமாதலின் ஆலை ஒரு கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது என்பது தெளிவு. ஆயினும் எத்திசையில் என்பது தெரியாது. ஆலையைச் சுற்றி வரைந்த வட்டத்தின்மேல் எவ்விடத்தும் நீவிர் இருக்கலாம். இரண்டாம் ஆலை ஒன்றின் சங்கும் அதே ஆறு மணிக்கு ஊதுமாயின் இரண்டு வட்டங்களும் இரண்டிடத்தில் வெட்டும். மூன்றாவது ஆலை அவ்விரண்டினுள் ஒன்றை உறுதிசெய்யும்.

இங்கு ஒலிக்கு மாறாக, நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும் வானொலி அலை வருகின்றது. ஆலைக்கு மாறாக, தரைக்குமேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுழலும் துணைக்கோள் நிற்கின்றது. அங்கிருந்து இங்கு வர அலைக்கு ஆகும் காலம் ஒரு நொடியிற் பதினைந்தில் ஒரு பங்கு. கணக்கில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைபடினும் தொலைவு 300 மீட்டர் பிழைபடும். ஆகவே துணைக்கோள்தோறும் அணுக்கடிகாரம் வைத்துள்ளனர். நம் கைப்பேசியிலோ அத்தகைய கடிகாரம் இல்லை, வைப்பதும் இயலாது. இக்குறையை எங்ஙனம் தீர்த்தனர் என்பதைக் கணக்குப் பயிலும் மாணவர் உற்று நோக்குக. கிழக்கு மேற்கு ஒன்று, வடக்குத் தெற்கு ஒன்று, உயரம் ஒன்று, நம் கடிகாரத்தின் பிழை ஒன்று என அறியப்படாதன நான்கு. நான்கு அறியாப் பொருளுக்கு நான்கு சமன்பாடு வேண்டும். ஆதலின் நான்கு துணைக்கோள்கள் ஒருங்கே கேட்டல் வேண்டும். நான்கு கிடைப்பின் இடமும் தெரியும், நேரமும் உடன் தெரியும்.

இக்கடிகாரங்களைப்பற்றி ஒரு வியப்பையும் சொல்லாது விட மனம் ஒருப்படவில்லை. விரைந்து செல்வதனால் அவை நாளொன்றுக்கு 7 மைக்ரோநொடி பிந்துகின்றன. புவியின் ஈர்ப்புக் குறைந்த உயரத்தில் இருப்பதனால் 45 மைக்ரோநொடி முந்துகின்றன. ஆக 38 மைக்ரோநொடி முந்தும். ஐன்ஸ்டீன் என்னும் அறிஞர் தாளும் எழுதுகோலுங்கொண்டு கண்ட உண்மை இது. இதனைத் திருத்தாது விட்டிருப்பின் ஒரே நாளில் வழி பத்துக் கிலோமீட்டர் பிசகும். பள்ளியிற் கணக்கு எதற்கு என்று எம்மை வினவும் பிள்ளைகட்கு இதனையே விடையாகக் கூறி வருகின்றோம்.

இவ்வமைப்பு அமெரிக்க நாட்டுப் படைத்துறையினர் தமக்கென அமைத்தது. முதல் துணைக்கோள் 1978-ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. 1983-இல் வழிதவறிச் சென்ற கொரியப் பயணிகள் விமானமொன்று சோவியத் படையினராற் சுட்டு வீழ்த்தப்பட்டபின், இவ்வசதி பொதுமக்கட்கும் உரித்தாகும் என அமெரிக்கத் தலைவர் ரீகன் அறிவித்தார். 1995-இல் அமைப்பு முழுமை பெற்றது. ஆயினும் பொதுமக்கட்குச் செல்லும் செய்தியில் வேண்டுமென்றே பிழை கலந்து வந்தனர். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அது நிறுத்தப்பட்டது. திறந்த வெளியிற் சுமார் ஐந்து மீட்டருக்குள் இடங்காட்டும் இன்றைய நிலை அதன் பின்னரே வாய்த்தது. இக்காலத்து உருசியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ என்பனவும் உள; நம் கைப்பேசிகளிற் பெரும்பாலன இவற்றுட் பலவற்றை ஒருங்கே கேட்கும். நம் நாடும் 2013 முதல் 2016 வரை ஏழு துணைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவி, நாவிக் என்று பெயரிட்டது. அவற்றுட் சிலவற்றின் அயல்நாட்டு அணுக்கடிகாரங்கள் பழுதுற்றன. 2023-இல் ஏவிய துணைக்கோளில் நம்மவரே செய்த அணுக்கடிகாரம் ஏறிற்று. பிறர் கடிகாரத்தை நம்பி வாழ்தலின் இடர் இதனால் விளங்கும்.

நிலமளத்தலில் நம் மண்ணுக்கு ஒரு பழந்தொடர்பும் உண்டு. 1802-இல் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் இந்தியா முழுதையும் அளக்கும் பெருவேலையைத் தொடங்கிய அடிக்கோடு சென்னையை அடுத்த பரங்கிமலையில் இட்டதே. ஏழரை மைல் நீளத்தைச் சங்கிலியால் அளக்க இரண்டு மாதத்திற்குச் சற்றே குறைந்த காலம் ஆயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றிய அவருடைய அரை டன் எடையுள்ள அளவைக் கருவி கயிறு அறுந்து சிதைந்ததும் உண்டு. அத்துணை எடைக்கு நின்ற வேலையை இன்று சட்டைப்பையிலுள்ள கருவி நொடியிற் செய்கின்றது. செய்யாதபோதுதான் நாம் சினங்கொள்கின்றோம்.

இனி அத்தாமதத்திற்கு வருவோம். எம் பேச்சின் கருப்பொருள் இதுவே.

துணைக்கோள் ஒவ்வொன்றும் 'இன்ன நேரத்தில் யான் இன்ன இடத்தில் உளேன்' என்று தன் குறிப்பை இடைவிடாது சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் மிக மெல்லச் சொல்லும். சுழியம், ஒன்று என்னும் இரண்டே குறிகளால், நொடிக்கு ஐம்பது குறி வீதம் சொல்லும். ஒரு சுற்றுச் செய்தி 1500 குறி. எனவே ஒரு சுற்றுக்கு 30 நொடி. அச்சுற்றினுள்ளே அத்துணைக்கோளின் கடிகாரத் திருத்தமும் பாதைக் குறிப்பும் அடங்கும். ஏனைத் துணைக்கோள்கள் எல்லாம் ஏறத்தாழ எங்கெங்கு உள என்னும் பொதுப் பஞ்சாங்கமோ துண்டு துண்டாக இருபத்தைந்து சுற்றுக்களில் வரும். அதனை முற்றும் கேட்கப் பன்னிரண்டரை நிமிடம் வேண்டும்.

ஆசிரியர் ஒருவர் வகுப்பிற் பாடஞ் சொல்ல மாணாக்கர் எழுதுகின்றனர் என்று வைத்துக்கொள்க. அவர் ஒருமுறை சொல்லி முடித்து மறுபடியும் தொடக்கத்திலிருந்தே சொல்லுவார், எவர்க்காகவும் நிறுத்தார். இடையிற் புகுந்த மாணவன் விடுபட்ட பகுதிக்கு அடுத்த சுற்றுவரை காத்திருத்தல் வேண்டும். எழுதுங்கால் வெளியே ஓர் இரைச்சல் எழுந்து இரண்டு வரி கேளாது போயின், அவ்விரண்டு வரிக்காக மீண்டும் அரை நிமிடம். கைப்பேசியின் நிலை முற்றும் இதுவே. திறந்த வெளியில் அசையாது நிற்பின் அரை நிமிடத்தில் எழுதி முடிக்கும். மரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் நின்றால் ஒரு வரி கேட்கும், ஒரு வரி கேளாது. இத்துணைத் தொலைவிலிருந்து வரும் அலை மிக மெலிந்தது; கான்கிரீட் கூரை அதனைத் தடுக்கும், ஈர இலைச்செறிவு குறைக்கும், உயர்ந்த கட்டடச் சுவர் எதிரொலித்துக் குழப்பும்.

அற்றேல், நகரத்தில் வீட்டு வாயிலிலேயே இரண்டு மூன்று நொடியில் இடங்காட்டுகின்றதே, அஃது எங்ஙனம் என்பீராயின், அங்கே கைப்பேசி ஆசிரியர் சொல்லக் கேட்டு எழுதுவதில்லை. அடுத்திருப்பவன் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துக்கொள்கின்றது. இணையத்தின் வழியே அப்பாதைக் குறிப்பு முழுதும் நொடியில் வந்துவிடும். அண்டைத் தெருவின் வைஃபைப் பெயர்களையும் டவர் எண்களையும் கொண்டு ஏறத்தாழ இவ்விடம் என்று முன்னரே உய்த்துணர்தலும் உண்டு. இத்துணை இல்லாத மலையிலும் காட்டிலுந்தான் கருவி தன் இயல்பான வேகத்திற்குத் திரும்புகின்றது. நாம் அதனைப் பழுது என்று கருதுகின்றோம். ஒருமுறை பெற்ற பாதைக் குறிப்பும் ஏறக்குறைய நான்கு மணிநேரமே செல்லும். காலையிற் பார்த்த கருவி இரவிற் புதிதாகக் கேட்டல் வேண்டும்.

முன்னர்க் கூறுவோம் என்ற நிகழ்ச்சி இது. நம் மரபினர் ஒருவர் கொல்லிமலையில் மிளகுத் தோட்டமொன்றைக் குத்தகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு தங்கியிருந்தார். கார்த்திகை மாதத்து மழையிரவொன்றில் அவர் மருமகளுக்குப் பேறுகால நோவு குறித்த நாளுக்கு முன்னரே எழுந்தது. மருத்துவ ஊர்தியை அழைத்தனர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து ஊர்தி மேலே வந்துவிட்டது. ஆனால் பெயர்ப்பலகையில்லாத பிரிவு ஒன்றில் நின்றுவிட்டது. வீட்டார் கூறிய அடையாளம் 'பெரிய பலாமரத்துக்கு அடுத்த மண்சாலை' என்பது. கொல்லிமலையிற் பலாமரத்தை அடையாளமாகக் கூறுதல், கடற்கரையில் மணலை அடையாளங் கூறுதல் போல்வது! வீட்டிலிருந்த இளைஞரோ நிற்குமிடத்தை அனுப்பக் கருதித் தகரக் கொட்டகைக்குள் நின்றபடியே லொக்கேஷனை அணைப்பதும் போடுவதுமாக இருந்தார். பின்னர்க் கைப்பேசியையே இருமுறை அணைத்து மூட்டினார். ஒவ்வொரு முறையும் பாதி கேட்ட பாடம் அழிந்து முதலிலிருந்து தொடங்கிற்று. முடிவில் அண்டைத் தோட்டத்துச் சிறுவன் ஒருவன் டார்ச் விளக்கோடு மழையில் ஓடிப் பிரிவில் நின்ற ஊர்தியை அழைத்து வந்தான். தாயும் சேயும் நலம். ஆயினும் நாற்பது நிமிடம் கழிந்தது. பேறுகாலத்தில் நாற்பது நிமிடம் என்பது யாது என்பதை ஈண்டிருக்கும் தாய்மார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

அன்று செய்யத்தக்கது யாதெனின், குடையோடு வெட்டவெளிக்கு வந்து, லொக்கேஷனை ஒருமுறை மூட்டி, கைப்பேசியை வானம் நோக்கப் பிடித்து, ஓரிரு நிமிடம் அசையாது நிற்றலே. மழைத்துளி இவ்வலையை மிகுதியாகத் தடுப்பதன்று, கூரையே தடுப்பது. டேட்டா இல்லாவிடினும் இடம் தெரியும். வரைபடம் திரையில் வெறுமையாக நிற்பினும் நீலப்புள்ளி தோன்றும். அப்புள்ளியைத் தொட்டாலோ அவ்விடத்தை விரலால் அழுத்திப் பிடித்தாலோ இரண்டு எண்கள் கிடைக்கும். வரைபடம் அங்ஙனம் காட்டாதாயின் திசைகாட்டிச் செயலி ஏதேனும் காட்டும். கொல்லிமலையாயின் முதலெண் 11 என்றும் இரண்டாம் எண் 78 என்றும் தொடங்கும். புள்ளிக்குப்பின் நான்கு இலக்கம் சொன்னாற் போதும். இரண்டு இலக்கம் சொல்லின் ஒரு கிலோமீட்டர் அளவிலும், மூன்று சொல்லின் நூறு மீட்டர் அளவிலும், நான்கு சொல்லின் பத்துப் பதினொரு மீட்டர் அளவிலும் இடம் உறுதிப்படும். இவ்விரண்டு எண்ணையும் பேச்சு மட்டுங் கேட்கும் பழைய போனிலேயே 108-க்கோ 112-க்கோ வாயாற் சொல்லிவிடலாம். தோட்டத்திலும் காட்டிலும் வீடு கட்டியிருப்போர் இவ்வெண்களை இன்றே ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுக. நெருக்கடியில் தேடவேண்டிய இடர் அதனால் ஒழியும்.

வாகனம் ஓட்டும் தம்பியர்க்கு இனிச் சில கூறுவோம். 'ஜி.பி.எஸ். இழுக்கிறது' என்று நீவிர் ஒரே சொல்லாற் கூறுவது உண்மையில் மூன்று வேறு குறை. நீலப்புள்ளியே தோன்றாமை ஒன்று, அதனைச் சொன்னோம். புள்ளி சரியாக நகர, வரைபடமும் வழிக்கோடும் வாராமை மற்றொன்று. இது துணைக்கோளின் குறையன்று, டேட்டாவின் குறை. கூகிள் மேப்பில் நாமக்கல், சேலம் முதலிய வட்டாரங்களை வீட்டு வைஃபையிலேயே முன்னதாக இறக்கி வைத்து, அவ்வப்போது புதுப்பித்து வருவீராயின் டவர் இல்லாவிடத்தும் வாகன வழி காட்டும். நெரிசல் மட்டும் தெரியாது. மூன்றாவது, புள்ளி சரியாயிருந்தும் திசை திரும்பிக் காட்டுதல். இது கைப்பேசியினுள் உள்ள திசைகாட்டியின் மயக்கம். காந்தம் பதித்த உறையும், காரில் வைக்கும் காந்தத் தாங்கியும் இதற்குக் காரணமாதல் உண்டு. அவற்றை நீக்கி, கைப்பேசியை 8 என்னும் எண் வடிவிற் காற்றிற் சுழற்றினால் தெளியும். வண்டி நகரத் தொடங்கியதும் தானே சரியாவதையும் காண்பீர்.

புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் பெரிதாய் நின்றால், கருவி 'இவ்வட்டத்துள் எங்கேனும்' என்று உண்மையை ஒப்புக்கொள்கின்றது என்க. அவ்வேளையில் அனுமதிப் பகுதியைப் பார்க்க. துல்லியமான இடம் என்பதற்கு மாறாக ஏறத்தாழ என்பது தெரிவு செய்யப்பட்டிருத்தல் கூடும். மின்சேமிப்பு முறையில் வைத்திருப்பின் திரை அணைந்தவுடன் இடங்காணலும் நின்றுபோதல் உண்டு. சார்ஜ் போட்டு அம்முறையை நீக்குக. நாளும் நேரமும் தானே அமையும்படி விடுக. கையால் மாற்றிய தவறான நேரம் கருவியை வேறு வானத்திலே துணைக்கோளைத் தேடச் செய்யும். அணைத்து மூட்டல் சிலவேளை பயன்தருவதே. அதனைப் புறப்படுமுன் வீட்டிற் செய்க, வழியில் வேண்டா. இவை எல்லாவற்றினும் எளியது ஒன்று: புறப்படும் இடத்தில், இணையம் நன்றாயிருக்கும்போதே வழியைத் திறந்துகொண்டு, பின்னர் மலையேறுக.

இத்துணையும் கூறியபின், நம் உள்ளத்திலுள்ள ஓர் ஐயப்பாட்டையும் மறைத்தல் தகாது. நீவிர் நிற்கும் இடத்தைக் கூறுவது துணைக்கோள். அவ்விடத்தில் சாலை உண்டு என்று கூறுவது மனிதர் வரைந்த படம். முன்னது பெரும்பாலும் பொய்யாது. பின்னது பொய்த்தலும் உண்டு. மாட்டுவண்டித் தடத்தையும் ஏரிக்கரையையும் தார்ச்சாலையாகக் காட்டி லாரியைச் சேற்றில் இறக்கிய கதைகளை நம் தம்பியர் எமக்கு எத்தனையோ கூறியுளர். மலைபடுகடாம் என்னும் நூலில், நன்னனிடத்துச் செல்லும் வழியைக் கூறும் கூத்தன், திருப்பங்களை மட்டுமா கூறுகின்றான்? எங்கே வழுக்கும், எங்கே காவலர் பொறி வைத்துள்ளனர், யார் வீட்டில் உணவு கிடைக்கும் என்பதையெல்லாம் கூறுகின்றான். நம் கையிலுள்ள பெண்குரலோ 'வலப்புறம் திரும்பவும்' என்பதோடு நிறுத்துகின்றது. நம் ஊர்ப்பெயர்களின் ழகரத்தை அது கொல்லுங் கொலையைப்பற்றி ஈண்டு யாம் பேசப்புகின் நேரம் போதாது. ஆகவே ஐயம் தோன்றும் பிரிவில் வண்டியை நிறுத்தித் தேநீர்க் கடைக்காரரை ஒரு சொற் கேட்டல் இழுக்கன்று. பாலம் உடைந்த செய்தி வரைபடத்துக்கு முன்னர் அவர்க்கே எட்டியிருக்கும்.

தாய்மார்க்கு ஒன்று. இரவில் தனியே வரும் மகளிர், வீட்டார் ஒருவர்க்குத் தம் இடத்தைக் குறித்த காலத்திற்கு மட்டும் பகிர்ந்து வைத்தல் நன்று. ஆயின் விளையாட்டுச் செயலியும் விளக்குச் செயலியும் எப்போதும் நும் இடத்தை அறிய விழைவது எதற்கு? அத்தகையவற்றிற்கு மறுத்துவிடுக.

கூட்டம் முடிந்தவுடன் மண்டபத்தின் முற்றத்தில் சிறிது நேரம் நிற்போம். விருப்பமுடையோர் கைப்பேசியோடு வருக. டேட்டாவை அணைத்துவிட்டுப் புள்ளி தோன்ற எத்தனை நொடியாகின்றது என்பதையும், இரண்டு எண்களை எடுப்பதையும் ஒவ்வொருவரும் தம் கையாலேயே செய்து பார்க்கலாம். மலைத்தோட்டத்தார் முதலில் வருக. செயலாளரவர்கள் வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வைத்துள்ளார்கள்.